மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும் புண்கட்டு: வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேரள-தமிழ்நாடு எல்லையில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்குக் கட்டுப் போடுகிற பாலியேட்டிவ் (நோயின் வேதனையைத் தணிக்கிற பராமரிப்பு) நர்ஸ் நான். பாலக்காட்டிலோ கோயம்புத்தூரிலோ ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது புதுவகைக் கட்டு ஒரு பாக்கெட் கையில் கொடுத்துவிடுகிறார்கள். உறையில் இங்கிலீஷ், வாயால் சொல்வது மலையாளம், வீட்டில் பேசுவது தமிழ். மூன்றுக்கும் நடுவில் விவரம் எங்கேயோ சிந்திப் போகிறது. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன். உங்கள் புண்ணைப் பார்த்த டாக்டர் வேறு மாதிரி சொல்லியிருந்தால் அவர் சொன்னதைத்தான் கேட்க வேண்டும்.

சாதாரண காஸ் துணியில் பெட்டாடைன் ஊற்றிக் கட்டுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

துணியில் ஊற்றிய மருந்து மொத்தமும் முதல் சில மணி நேரத்திலேயே புண்ணில் இறங்கிவிடும். பெட்டாடைனில் இருக்கும் அயோடின் கிருமியை மட்டும் பார்த்துத் தாக்குகிற சரக்கு அல்ல. சீழ், ரத்தம், புண்ணீரில் இருக்கும் புரதம் என்று எதைக் கண்டாலும் அதோடு சேர்ந்து செலவாகிவிடும். சாயங்காலம் பார்த்தால் மருந்து தீர்ந்து, துணி காய்ந்து, புண்ணோடு ஒட்டிக்கொண்டு இருக்கும். மறுநாள் அதைப் பிய்த்து எடுக்கும்போது புதிதாக முளைத்த சிவப்புச் சதையும் சேர்ந்து வரும். வலி ஒரு பக்கம், ரத்தம் ஒரு பக்கம்.

புதுவகைக் கட்டில் துணி அல்லது பஞ்சு விரிப்பின் மேல் ஒரு பயோபாலிமர் பூச்சு இருக்கும். பயோபாலிமர் என்றால் உயிருள்ளவற்றிலிருந்து எடுக்கிற நீண்ட சங்கிலி மூலக்கூறு. ஸ்டார்ச்சும் அந்த ரகம்தான். கிருமிநாசினி அந்தப் பூச்சுக்குள் சிக்கியிருக்கும். புண்ணீர் பட்டால்தான் வெளியே வரும், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. நம் ஊர்த் தென்னந்தோப்புக்குச் சொட்டுநீர் போடுகிற கணக்கு. ஒரே நாளில் வாய்க்காலைத் திறந்துவிட்டு மீதி வாரம் காயவிடுகிற வேலை இதில் இல்லை.

பூச்சு எதிலிருந்து செய்கிறார்கள்?

இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. இறால் ஓடு, கடல்பாசி, தேங்காய்த் தண்ணீர், மாட்டுத் தோல் எல்லாம் இதில் வரும்.

இறால் உரிக்கிற ஷெட்டுகளில் தலையும் ஓடும் மலைபோலக் குவியும். அந்த ஓட்டில் கைட்டின் என்ற பொருள் இருக்கிறது. முதலில் அமிலத்தில் போட்டுச் சுண்ணாம்புச் சத்தைக் கரைப்பார்கள். பிறகு காரத்தில் போட்டுப் புரதத்தை எடுப்பார்கள். மிச்சமான கைட்டினைக் காட்டமான காஸ்டிக் சோடாவில் சூடாக்கினால் கைட்டோசான் கிடைக்கும். தண்ணீரில் கரையாத இந்தப் பொருள் வினிகர் மாதிரி லேசான அமிலத்தில் கரைந்து பசையாகிவிடும். அந்தப் பசையில் துணியை முக்கி எடுத்து உலர்த்தினால் பூச்சு தயார். கைட்டோசானுக்கு நேர்மின்னூட்டம் உண்டு, ரத்த அணுக்களின் மேல்புறத்திலும் பாக்டீரியாவின் மேல்புறத்திலும் எதிர்மின்னூட்டம். அதனால் ரத்தத்தைத் தானே கட்டியாக்கி நிறுத்தும், கிருமியையும் ஓரளவு முடக்கும். அமெரிக்க ராணுவம் 2000களின் தொடக்கத்திலேயே போர்க்களக் காயத்துக்கு இதைக் கொண்டுபோனது இந்தக் குணத்துக்காகத்தான்.

பழுப்புக் கடல்பாசியிலிருந்து ஆல்ஜினேட் எடுக்கிறார்கள். அதைக் கால்சியத்தோடு சேர்த்து நாராக நூற்றால் பஞ்சு போன்ற வெள்ளைத் தகடு வரும். ஒழுகுகிற புண்ணுக்கு நான் கையில் எடுப்பது பெரும்பாலும் இதுதான்.

தேங்காய்த் தண்ணீர் விஷயம் தோப்பு வைத்திருக்கிற எங்கள் சித்தூர் தாலுகாக்காரர்களுக்குப் பிடிக்கும். தேங்காய்த் தண்ணீரில் ஒருவகை பாக்டீரியாவை வளர்த்தால் மேலே ஏடு மாதிரி செல்லுலோஸ் படியும். நாட்டா டி கோகோ என்று கடையில் ஜெல்லித் துண்டாக விற்பது அதுதான். அதே பாக்டீரியா செல்லுலோஸைச் சுத்தமான முறையில் வளர்த்து, கிருமிநாசினியில் ஊறவைத்தால் ஈரம் காயாத, குளுகுளுவென்ற புண்கட்டு ஆகிவிடும். தீப்புண்ணில் வைத்த உடனே நோயாளியின் முகம் தெளிவதை நானே பார்த்திருக்கிறேன்.

ஸ்டார்ச், ஜெலட்டின், கொலாஜன் ஆகியவையும் பயன்படுகின்றன.

மருந்து மெதுவாக வெளியே வருவது எப்படி?

புண்ணீர் பட்டதும் பூச்சு ஊறி வீங்கும். வீங்கும்போது சங்கிலிகளுக்கு நடுவில் இடைவெளி உண்டாகும். அந்தச் சந்து வழியாக மருந்து நழுவி வரும். பூச்சின் மேல்பரப்பில் தளர்வாக ஒட்டியிருக்கிற மருந்து முதல் நாளே ஒரு வீச்சாக வந்துவிடும். உள்ளே இருப்பது அதன் பிறகு நிதானமாக வரும். முதல் வீச்சும் தேவைதான், ஏனென்றால் கட்டுப் போட்ட அன்றைக்குத்தான் கிருமி அதிகம்.

ஆல்ஜினேட்டில் இன்னொரு வழி. புண்ணீரில் சோடியம் இருக்கிறது. நாரில் கால்சியம் இருக்கிறது. இரண்டும் இடம் மாறிக்கொள்ளும்போது நார் இளகி ஜெல் ஆகிறது. அதில் வெள்ளி கலந்திருந்தால் அதுவும் அப்படியே விடுபடும். ஒழுக்கு அதிகமானால் மருந்தும் அதிகம் வரும், ஒழுக்கு குறைந்தால் மருந்தும் குறையும். வறண்ட புண்ணில் இந்தக் கட்டு சும்மா கிடக்குமே தவிர வேலை செய்யாது. காசு வீணாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

பூச்சைத் தடிமனாக்கியும், சங்கிலிகளைக் குறுக்கே பிணைத்தும் வேகத்தை மட்டுப்படுத்துவார்கள். சில பூச்சுகள் புண்ணிலிருக்கும் நொதிகளால் மெல்லக் கரைந்து மருந்தை விடும்.

உள்ளே என்ன மருந்து இருக்கிறது?

நான்கு பெயர்கள் தெரிந்தால் போதும்: அயோடின், வெள்ளி, குளோர்ஹெக்சிடின், பி.எச்.எம்.பி.

நான்கில் எனக்குப் பிடித்தது அயோடின், அதிலும் காடெக்ஸோமர் அயோடின். ஸ்டார்ச்சைப் பிணைத்துச் செய்த பொடிமணிகள், உள்ளே 0.9 சதவீதம் அயோடின். மணி புண்ணீரை உறிஞ்சி வீங்கும், சீழையும் அழுகல் சதைத் துணுக்கையும் இழுத்துக்கொள்ளும், பதிலுக்கு அயோடினை விடும். இதில் ஒரு பெரிய சௌகரியம் நிறம். வைக்கும்போது அடர்ந்த பழுப்பு. மருந்து தீரத் தீர மஞ்சள், அப்புறம் வெளிர் சாம்பல். படிக்கத் தெரியாத பாட்டிகூட மருந்து தீர்ந்துவிட்டதா என்று பார்த்துச் சொல்லிவிடலாம்.

வெள்ளி பல உருவத்தில் வருகிறது. ஈரம் பட்டு அயனியானால்தான் அது கிருமியைக் கொல்லும். பி.எச்.எம்.பி. செல்லுலோஸ் கட்டுகளிலும் காஸ் துணியிலும் இருக்கும். புண்ணின் நல்ல செல்களை அதிகம் தொந்தரவு செய்யாது என்பது அதன் நல்ல பெயர். குளோர்ஹெக்சிடின் நமக்குப் பழக்கமானதுதான். மெடிக்கல் ஷாப்பில் பாக்டிகிராஸ் என்று கேட்டு வாங்குகிற மெழுகுவலையில் 0.5 சதவீதம் இருப்பது அதுவே. ஆனால் அந்த வலையின் பூச்சு பாரஃபின், பயோபாலிமர் அல்ல. ஒட்டாமல் வரும், நாள் கணக்கில் மருந்து விடும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

கட்டைப் பிரித்தால் மஞ்சளாகக் கொழகொழவென்று இருக்கிறது. சீழ் வைத்துவிட்டதா?

எனக்கு வருகிற போன்களில் பாதி இதுதான். வேலந்தாவளம் பக்கம் ஒரு வீட்டில் மாமியாருக்குக் குதிகாலில் புண். மருமகள் கட்டைப் பிரித்ததும் பதறிப்போய், "அக்கா, உள்ள பூரா சீழுங்க, நாத்தமும் அடிக்குதுங்க" என்று கூப்பிட்டார். போய்ப் பார்த்தேன். ஆல்ஜினேட் ஜெல்லாக இளகிப் புண்குழியை நிறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. சலைன் (உப்புநீர்) ஊற்ற ஊற்ற ஜெல் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. அடியில் மாதுளை முத்து நிறத்தில் சதை. புண்ணைச் சுற்றித் தோல் சூடாகவோ சிவப்பாகவோ இல்லை.

ஆகவே கழுவாமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஜெல்லுக்கும் லேசாக ஒரு கடல் வாடை உண்டு. கழுவின பிறகும் நாற்றம் போகவில்லை, திரும்பத் திரும்ப மஞ்சளாக ஊறுகிறது, வலி கூடுகிறது என்றால்தான் கவலைப்பட வேண்டும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றுவது?

உறையில் 3 நாள், 7 நாள் என்று போட்டிருப்பது அதிகபட்சக் கெடு. அதற்கு முன்னால் ஒழுக்கு மேல்கட்டின் ஓரம் வரை வந்துவிட்டால் மாற்றிவிட வேண்டும். காடெக்ஸோமர் பெரும்பாலும் வாரத்துக்கு 2, 3 முறை. தினமும் பிரித்துப் பார்க்கிற ஆசையை அடக்குங்கள். பிரிக்கிற ஒவ்வொரு முறையும் புண் குளிர்ந்து, ஆறுகிற வேலை தடைப்படும். மருந்தும் பாதியில் குப்பைக்குப் போகும்.

புண்ணைக் காற்றாட விட்டால்தானே காயும்?

காயும். ஆனால் காய்வதும் ஆறுவதும் ஒன்றல்ல. 1962-ல் ஜார்ஜ் வின்டர் என்ற ஆய்வாளர் பன்றிகளின் மேல் சிறு காயங்கள் உண்டாக்கி, சிலவற்றைத் திறந்துவிட்டு, சிலவற்றைப் படலத்தால் மூடி ஈரமாக வைத்துப் பார்த்தார். மூடிய காயத்தில் தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாக மூடியது. பொருக்குத் தட்டிய காயத்தில் புதுத்தோல் செல்கள் பொருக்குக்கு அடியில் சுற்றிச் சுற்றிப் போக வேண்டியிருக்கிறது. ஈரமான பரப்பில் நேராக நகர்ந்துவிடும். இன்றைய புண்கட்டு எல்லாம் இதன் மேல்தான் நிற்கின்றன.

ஒரு முக்கியமான விலக்கு: ரத்த ஓட்டமே இல்லாமல் கருத்துக் காய்ந்துபோன விரல். அதை ஈரமாக்கினால் அழுகிப் பரவும். அதில் நாமாக எதையும் வைக்கக் கூடாது.

கம்யூனிஸ்ட் பச்சை கசக்கி விட்டால் ரத்தம் நிற்கிறதே, இதெல்லாம் எதற்கு?

தோட்டத்தில் அரிவாள் பட்டால் கம்யூனிஸ்ட் பச்சை என்கிற காட்டுச்செடியின் இலையைக் கசக்கிப் பிழிகிறார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், வெட்டுக்காயப் பூண்டு இலையைப் பிழிகிறார்கள். சின்னக் கீறலுக்கு ரத்தம் நிற்பது உண்மைதான், இல்லை என்று நான் சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் கையில் மண், இலையில் மண், அதில் டெட்டனஸ் கிருமி. ஆழமான வெட்டுக்கு அது கட்டாது. மாதக் கணக்கில் ஆறாத புண்ணில் மஞ்சள், சுண்ணாம்பு, காபிப்பொடி அப்புவதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அந்தப் பற்றைச் சுரண்டி எடுக்க நான் படுகிற பாட்டை விட, நோயாளி படுகிற பாடு பெரிது.

சர்க்கரைப் புண்ணுக்கு இந்தக் கட்டுப் போட்டால் ஆறிவிடுமா?

கட்டு மட்டும் போட்டால் ஆறாது. இதைச் சொல்வதற்காகவே இவ்வளவும் எழுதினேன் என்றுகூடச் சொல்லலாம்.

சுகர்காரர்களின் உள்ளங்கால் புண்ணுக்குக் காரணம் பெரும்பாலும் உணர்ச்சி மரத்த காலில் ஒரே இடத்தில் விழுகிற அழுத்தம். வரப்பில் வெறுங்காலோடு நடக்கிற மனிதருக்கு முள் குத்தினதே தெரியாது. அதே காலை ஊன்றி அதே வரப்பில் நடந்தால், உலகத்திலேயே விலை உயர்ந்த வெள்ளிக் கட்டும் ஒன்றும் செய்யாது. நீரிழிவுக் கால் பராமரிப்புக்கான சர்வதேசக் குழுவின் 2023 வழிகாட்டுதலே, புண் ஆறுவதற்காக என்று மட்டும் கிருமிநாசினிக் கட்டுகளைப் போட வேண்டாம் என்கிறது. முதலில் செய்ய வேண்டியவை: பாதத்தின் பளுவைக் குறைக்கிற செருப்போ மாவுக்கட்டோ, காலில் ரத்த ஓட்டம் எப்படி என்று பார்ப்பது, செத்த சதையை வெட்டி எடுப்பது, சுகரைக் கட்டுக்குள் கொண்டுவருவது.

அப்படியானால் இந்தக் கட்டு எதற்கு? கிருமி பெருகிப் புண் தேங்கிப்போய் நிற்கும்போது அந்தக் கூட்டத்தைக் குறைக்க. நாள்பட்ட புண்ணில் பாக்டீரியாக்கள் வழவழப்பான ஒரு படலம் கட்டி அதற்குள் ஒளிந்திருக்கும். சுரண்டிக் கழுவினபின் அது மறுபடி படலம் கட்டாமல் தடுப்பதற்கு, தொடர்ந்து கொஞ்சம் கொஞ்சமாக வருகிற மருந்து உதவும். வழக்கமாக 2 வாரம் போட்டுப் பார்த்துவிட்டு மறுபடி எடை போடுவார்கள். புண் சுத்தமாகிவிட்டால் மருந்தில்லாத சாதாரணக் கட்டுக்கு மாறிவிடலாம். மாற்றமே இல்லை என்றால் காரணம் வேறெங்கோ இருக்கிறது. மாதக் கணக்கில் அதையே வாங்கி வாங்கிப் போடுவதில் அர்த்தமில்லை.

படுக்கைப்புண்ணுக்கும் இதே பதில்தான். ஆளை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்காமல் கட்டை மட்டும் மாற்றினால் புண் ஆழமாகிக்கொண்டே போகும்.

ஆன்டிபயாடிக் மாத்திரை வேண்டாமா? ஆன்டிபயாடிக் களிம்பு?

கிருமிநாசினி கிருமியைப் பல இடத்தில் ஒரே நேரத்தில் தாக்கும். ஆன்டிபயாடிக் பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட இடத்தைப் பார்த்து அடிக்கும். அதனால் ஆன்டிபயாடிக்குக்குக் கிருமி பழகிக்கொள்வது சுலபம். கண்ட களிம்பை மாதக் கணக்கில் தடவினால் பிறகு தேவைப்படும் நாளில் அந்த மருந்து கேட்காது. ஆனால் காய்ச்சல், பரவுகிற சிவப்பு, தொடையில் நெறி கட்டுவது என்று வந்தால் நோய் புண்ணைத் தாண்டிவிட்டது. மேலே வைக்கிற எந்தக் கட்டும் அங்கே எட்டாது. மாத்திரையோ ஊசியோ டாக்டர் தர வேண்டும்.

எனக்கு இறால் ஒத்துக்காது. கைட்டோசான் கட்டுப் போடலாமா? நாங்கள் சைவம், அதற்கு?

இறால் அலர்ஜி பெரும்பாலும் அதன் சதையில் உள்ள புரதத்தால் வருவது. கைட்டோசான் செய்யும்போது புரதத்தை நீக்கிவிடுகிறார்கள். இறால் அலர்ஜி உள்ளவர்களிடம் சோதித்தபோதும் தொந்தரவு வரவில்லை. இருந்தாலும் வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். ஆல்ஜினேட் இருக்கும்போது வீண் சோதனை எதற்கு?

சைவக்காரர்களுக்கு ஆல்ஜினேட், செல்லுலோஸ், ஸ்டார்ச் மூன்றும் சரி. கொலாஜன், ஜெலட்டின் என்று எழுதியிருந்தால் அது மாடு, பன்றி, மீன் ஏதாவது ஒன்றிலிருந்து. கேட்பதில் தப்பே இல்லை.

யாருக்கு எது ஆகாது?

தைராய்டு கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள் அயோடின் கட்டைத் தவிர்க்க வேண்டும். புண் வழியாக அயோடின் ரத்தத்தில் ஏறும். சிறுநீரகம் பழுதானவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். காடெக்ஸோமருக்கு வாரத்துக்கு 150 கிராம், தொடர்ந்து 3 மாதம் என்று எல்லையே இருக்கிறது. குளோர்ஹெக்சிடின் காதுக்குள் போகக் கூடாது, கேட்கும் திறனையே கெடுக்கும். அபூர்வமாகக் கடுமையான அலர்ஜியும் வரும். வெள்ளிக் கட்டோடு எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்குப் போனால் முன்கூட்டியே அங்கே சொல்லிவிடுங்கள். தோல் லேசாகக் கருப்பது வெள்ளியின் கறை, பயப்பட வேண்டாம்.

கட்டின் மேலேயே பெட்டாடைனும் ஊற்றலாமா? பெரிதாக இருந்தால் வெட்டிக்கொள்ளலாமா?

ஊற்ற வேண்டாம். இரண்டு மருந்து சேர்ந்தால் இரட்டிப்பு வேலை நடக்காது. ஒன்றை ஒன்று முறித்துக்கொள்ளும். குளோர்ஹெக்சிடின் சோப்புப் பட்டால் செத்துப்போகும். சோப்பால் கழுவினால் நன்றாக அலசிவிட்டுத்தான் வைக்க வேண்டும். சில வெள்ளிக் கட்டுகளைச் சலைனில் நனைக்கக் கூடாது, சுத்தமான நீரில்தான் நனைக்க வேண்டும், ஏனென்றால் உப்பிலுள்ள குளோரைடு வெள்ளியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஹைட்ரஜன் பெராக்சைடு நுரை பார்க்க நன்றாக இருக்கும், புதுச் சதைக்கு அது நெருப்பு.

ஆல்ஜினேட், காஸ் வகைகளைச் சுத்தமான கத்தரியால் வெட்டலாம். மிச்சத்தைத் திறந்த உறையில் வைத்து அடுத்த வாரம் போடாதீர்கள். உறை பிரிந்ததும் அது கிருமியற்ற பொருள் இல்லை.

நாய் கடித்த இடத்தில்?

கட்டே வேண்டாம். குழாயடியில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, பெட்டாடைன் தடவி, திறந்தபடியே உடனே ஊசிக்குப் போங்கள்.

விலை கட்டுப்படியாகுமா?

ஒரு தகட்டுக்கு என்று பார்த்தால் காஸ் துணியை விடப் பல மடங்கு. தினமும் துணி, மருந்து, ஆட்டோ, ஒருவரின் கூலி என்று கூட்டினால் ஒழுகுகிற புண்ணில் வித்தியாசம் குறைந்துவிடும். வறண்ட, சின்னப் புண்ணுக்கு இது தண்டச் செலவு. முடியாதவர்கள் கூச்சப்பட வேண்டாம். கேரளத்தில் 2008-லிருந்தே பாலியேட்டிவ் கொள்கை இருக்கிறது. பஞ்சாயத்தின் வீட்டுப் பராமரிப்புக் குழுவிடம் சொன்னால் கையிலிருப்பதை வைத்து வழி செய்வோம். சலைனும் சுத்தமான காஸும் ஒழுங்கான கையும் இருந்தாலே பாதிப் புண் ஆறும்.

இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்குதானா?

இல்லை. கொச்சியில் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இறால் ஓட்டிலிருந்து கைட்டோசான் எடுப்பதில் வெகுகாலமாக வேலை செய்கிறது. கோயம்புத்தூர் சிட்ரா என்ற ஜவுளி ஆராய்ச்சி நிறுவனத்தில் மருத்துவத் துணிகளுக்கென்றே தனி மையம் இருக்கிறது. திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா மருத்துவ நிறுவனத்தில் பன்றியின் பித்தப்பையிலிருந்து செய்த கோலிடெர்ம் என்ற புண்படலத்துக்கு 2023-ல் அனுமதி கிடைத்தது. அது புதுத்தோலுக்குச் சாரம் கட்டிக்கொடுக்கிற வகை.

எப்போது உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்?

காய்ச்சல், குளிர். புண்ணைச் சுற்றிச் சிவப்பு மணிக்கு மணி பரவினால். விரல் கருத்தால். புண்ணுக்குள் எலும்பு தட்டுப்பட்டால். சுகர்காரர் திடீரென்று குழப்பமாகப் பேசினால். இரவு என்றாலும் காத்திருக்க வேண்டாம். பாலக்காடா, கோயம்புத்தூரா என்று வாசலில் நின்று விவாதிக்கவும் வேண்டாம். எது கிட்டமோ அங்கே.

கழற்றிய கட்டை என்ன செய்வது?

காகிதத்தில் சுற்றி, ஒரு கவரில் போட்டு இறுக்கிக் கட்டி, தனியாக வையுங்கள். வீடு வீடாகக் குப்பை சேகரிக்கிற ஹரித கர்ம சேனைக்காரப் பெண்கள் வாங்கிப் போகிற பிளாஸ்டிக் மூட்டையில் சொருக வேண்டாம். அவர்கள் கையால் பிரிக்கிறார்கள். வாய்க்காலிலும் வீசக் கூடாது. நான் அடுத்த முறை வரும்போது கொடுங்கள், அல்லது ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவக் கழிவுக்கான மஞ்சள் பையில் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்.